கச்சான் மிட்டாய்: பாகு, உறைப்பு, வாங்கும்போது பார்க்கவேண்டியவை

கேள்வி: சீனிப் பாகில் கச்சான் போட்டு மிளகாய் தூவிச் செய்தேன். ஆறிய பிறகும் பல்லில் ஒட்டுகிறது. வெப்பமானி வாங்கினால் சரிவருமா? (வெள்ளவத்தை)

பதில்: ஒட்டுவதற்குக் காரணம் பாகில் மிஞ்சிய தண்ணீர். சீனிப் பாகு 150 பாகை செல்சியஸை எட்டும்போது அதில் நூற்றில் ஒரு பங்கு தண்ணீர்தான் இருக்கும், அப்போதுதான் கண்ணாடி போல உடையும். 135 பாகையில் இறக்கினால் டொஃபி மாதிரி இழுபடும். நிறம் பொன்னாகிவிட்டதே என்று இறக்குவதுதான் பலரும் விடும் பிழை. பழுப்புச் சீனியில் நிறம் முன்கூட்டியே வந்துவிடுவதால் அதை நம்பவே முடியாது.

ஓர் அளவு தருகிறோம். வெள்ளைச் சீனி 300 கிராம், குளுக்கோஸ் சிரப் 100 கிராம், தண்ணீர் 80 மில்லிலீற்றர், வறுத்த கச்சான் 250 கிராம், பட்டர் 30 கிராம், உப்பு முக்கால் தேக்கரண்டி, அப்பச்சோடா முக்கால் தேக்கரண்டி, கட்டைத்தூள் (கரகரப்பாக இடித்த செத்தல் மிளகாய்) ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி. அடி கனத்த, ஆழமான பாத்திரம் எடுங்கள். சோடா போட்டதும் பாகு நுரைத்து இரண்டு மடங்கு எழும்பும். சீனி, சிரப், தண்ணீர் மூன்றையும் மெல்லிய நெருப்பில் கரைத்து, கொதி வந்தபின் கிளறாமல் விடுங்கள். 150ஐத் தொட்டதும் அடுப்பை நிறுத்தி, பட்டர், உப்பு, சூடான கச்சான், கடைசியில் சோடாவும் மிளகாயும். கச்சான் ஆறிப்போய் இருந்தால் பாகு உடனே இறுகிவிடும், பரப்ப முடியாது. எண்ணெய் பூசிய தட்டில் கொட்டி, ஒயில் பேப்பரை மேலே வைத்து ரொட்டிக் கட்டையால் ஒரு தடவை உருட்டினால் போதும். சோடா விட்ட காற்றுக் குமிழ்கள்தான் துண்டைக் கடிக்க இலகுவாக்குகின்றன, அழுத்தி அழுத்தி உருட்டி அவற்றைக் கொன்றுவிடாதீர்கள்.

வெப்பமானி வாங்குவதானால் 200 பாகை வரை காட்டும், பாகுக்குள் அமிழ்த்தும் வகையை வாங்குங்கள். துப்பாக்கி வடிவில் ஒளி பாய்ச்சிப் பார்ப்பது மேற்பரப்பை மட்டும் அளக்கும், அந்தச் செலவு வேண்டாம். வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். கொழும்பு கடல்மட்டத்தில் இருப்பதால் 100 காட்டவேண்டும். 97 காட்டினால் உங்கள் பாகுக்கு 147 தான் இலக்கு. வெப்பமானி இல்லாமலும் செய்யலாம்: ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்து வளையுங்கள். வளைந்தால் காணாது, 'டிக்'கென்று ஒடிந்தால் பதம்.

கேள்வி: குளுக்கோஸ் சிரப்புக்குப் பதிலாக மருந்துக்கடையில் விற்கும் குளுக்கோஸ் தூள் போடலாமா? (தெஹிவளை)

பதில்: கூடாது. அந்தத் தூள் சீக்கிரம் கருகும், ஈரத்தையும் இழுக்கும். சிரப்பிலுள்ள நீண்ட சங்கிலிச் சர்க்கரைகள்தான் சீனி மறுபடி மணியாவதைத் தடுக்கின்றன. கேக் சாமான் கடைகளில் சிறிய போத்தலாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அரைத் தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி விடுங்கள், ஆனால் அன்றே சாப்பிட்டு முடிக்கவேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சீனியை ஈரத் தூரிகையால் வழித்துவிடுவதும் அவசியம். அதில் ஒரு மணி உள்ளே விழுந்தாலே முழுப் பாகும் மணல் மணலாகிவிடும். கித்துள் கருப்பட்டியில் செய்வதென்றால் சீனியில் கால்பங்குக்கு மேல் மாற்றாதீர்கள், அது 150க்கு முன்பே அடிப்பிடிக்கும்.

கேள்வி: புறக்கோட்டையில் வாங்கிய உடைத்த கச்சான் பைக்கற்றில் கசப்பும் பூஞ்சண மணமும். கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். கழுவி வறுத்தால் பாவிக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: பாவிக்கவே வேண்டாம். கச்சானில் வளரும் பூஞ்சணம் அஃப்ளாடொக்சின் என்ற நச்சை விடும். அது ஈரலைத் தாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். கழுவினாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. கெட்டதைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடுவதும் பாதுகாப்பல்ல.

பற்றுச்சீட்டையும் பைக்கற்றையும் வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கவேண்டும். உணவு பழுதானது என்பதால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லலாம்.

அடுத்த முறை சாக்கில் வைத்து நிறுத்துத் தரும் கடையில், பருப்பைக் கையில் அள்ளி மணந்து பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, இரண்டாகப் பிளந்தது அதிகம் இருந்தால் விட்டுவிடுங்கள். உப்புப் போட்டு வறுத்த கச்சான் இதற்கு ஆகாது, அதில் உப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கும். பச்சையாக வாங்கி, தாச்சியில் மெல்லிய நெருப்பில் 12 முதல் 15 நிமிடம் வறுங்கள். ஆறவைத்துக் கடித்தால் நடுப்பகுதியும் மொறுமொறுக்கவேண்டும். கஜு போட விரும்பினால் முழுப் பருப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். உடைந்த துண்டு விலை குறைவு, பாகில் போனபின் வித்தியாசமும் தெரியாது.

கேள்வி: மிளகாய் போட்டதும் வீடு முழுக்க இருமல், துண்டும் கசக்கிறது. (பம்பலப்பிட்டி)

பதில்: கொதிக்கும் பாகில் போட்டிருப்பீர்கள், மிளகாய் கருகிவிட்டது. அடுப்பை நிறுத்திய பிறகு, பட்டர் கலந்தபின் போடுங்கள். உறைப்பு கொழுப்பில் கரைவதால் எங்கும் சமமாகப் பரவும். கறித்தூள் வேண்டாம், அதிலுள்ள மல்லியும் சீரகமும் இனிப்போடு சண்டை பிடிக்கும். செத்தல் மிளகாயை வெயிலில் காயவைத்து வீட்டிலேயே இடித்த கட்டைத்தூள்தான் நல்லது. உறைப்பு இனிப்புக்குப் பிறகே நாக்கில் ஏறும், ஆகவே ஆறிய துண்டை ருசி பார்த்து அரை நிமிடம் பொறுத்து, போதாவிட்டால் அடுத்த முறை கூட்டுங்கள்.

கேள்வி: காலையில் மொறுமொறுப்பு, மாலையில் பிசுபிசுப்பு. (மட்டக்குளி)

பதில்: கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம், சீனி அதை உறிஞ்சும். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உடைத்து, முற்றாக ஆறியவுடன் றப்பர் வளையமுள்ள கண்ணாடிப் போத்தலில் அடையுங்கள். பிஸ்கட் டின் காற்றை விடும். பிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போது வியர்த்துவிடும். ஏசி உள்ள அறையில் ஆறவைப்பது நல்ல பலன் தரும். மழை நாளில் செய்யவேண்டியிருந்தால் தட்டை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.