காட்டுப் பாதையில் பார்த்த பெரிய எறும்பு கொட்டுமா?

கேள்வி: சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் சருகின்மேல் ஒரு கறுப்பு எறும்பு போனது. விரல் நகத்தைவிடப் பெரிது, பின்பகுதி மட்டும் செம்பழுப்பு. கட்டெறும்பா? கொட்டுமா? பிடித்து வந்து வளர்க்கலாமா என்று மகன் கேட்கிறான்.

பதில்: அந்த நிறமும் அளவும் சேர்ந்தால் அது டைனோமிர்மெக்ஸ் கைகாஸ்தான். உலகின் மிகப் பெரிய எறும்புகளில் ஒன்று. நம் கட்டெறும்புக்கு நெருங்கிய சொந்தம். பழைய நூல்களில் கேம்போனோட்டஸ் என்ற பேரினத்தில் இருக்கும், 2016ல் பிரித்துவிட்டார்கள். சாதாரண வேலைக்கார எறும்பு சுமார் 2 செ.மீ., ஏறக்குறைய நம் 20 காசு நாணயத்தின் அகலம். காவல் எறும்புக்குத் தலை பருத்திருக்கும், நீளம் 2.8 செ.மீ. வரை போகும்.

இதற்குக் கொடுக்கே கிடையாது. சீண்டினால் தாடையால் கவ்வும், வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும். கடிவாயில் அமிலம் படுவதால்தான் எரிகிறது. தண்ணீரில் கழுவினால் போதும். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. தாடை நேராக முன்னே நீண்டு, 180 பாகைக்கு விரிந்து நின்றால் அது ஓடோன்டோமாக்கஸ். உடல் முழுக்கக் கறுத்து, மேலே நுண்ணிய வரிப்பள்ளங்கள் ஓடினால் டயகம்மா. இரண்டும் உங்கள் எறும்பைவிடச் சிறியவை, ஆனால் கொட்டும், நன்றாகவே வலிக்கும்.

பகலில் நீங்கள் பார்த்தது தரையில் இரை தேடும் சிலவற்றில் ஒன்று. கூட்டம் புறப்படுவது பொழுது சாயும்போதுதான். மரத்தடியில், மண்ணிலோ உளுத்த கட்டையிலோ இருக்கும் கூட்டிலிருந்து சாரிசாரியாக மரத்தில் ஏறி, உச்சிக் கிளைகளில் சாறுறிஞ்சிப் பூச்சிகள் கசியவிடும் இனிப்பு நீரைக் குடித்து வரும். முக்கிய உணவு அதுதான். பறவை எச்சத்தையும் விடாது. நைட்ரஜன் அதில் கிடைக்கிறது. காடு மாலை 7 மணிக்கு மூடிவிடும். அடர்ந்த மரநிழலில் இருட்டு முந்தும் என்பதால், 6 மணியிலிருந்து பெரிய மரங்களின் அடியைப் பாருங்கள்.

வளர்க்க வேண்டாம். தனி வேலைக்கார எறும்பு கூடு தொடங்காது, டப்பாவில் செத்துவிடும். அனுமதியின்றி இயற்கை வனப்பகுதியிலிருந்து எந்த உயிரையும் எடுப்பது சட்டப்படி குற்றம். மகனிடம் கேமராவைக் கொடுங்கள்: பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, தாடை தெரிய ஒன்று, அருகில் ஒரு 20 காசு நாணயம். அடையாளம் காண அது போதும்.