பரிமாறும் ரோபோவின் வாய்த்துடுக்கு: வாசகர் கேள்வி – பதில்

அறிவியல் புனைவுப் படங்களில் வரும் உணவகங்களையும் அவற்றில் வேலை செய்யும் ரோபோக்களையும் பற்றி இம்மாதம் பல கடிதங்கள் வந்துள்ளமையால், இப்பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் ‘அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்’ படத்தில், ஒற்றைச் சக்கரத்தில் உருண்டு வந்து பரிமாறும் ரோபோ சில நொடிகளே வருகிறது. ஆனால் என் பிள்ளைகள் படத்தின் போர்களை மறந்துவிட்டு அதைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கோ தொலைவில் உள்ள விண்மீன் மண்டலத்தில் அமெரிக்கச் சாலையோரச் சாப்பாட்டுக்கடை எப்படி வந்தது? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்த ரோபோவின் பெயர் டபிள்யூஏ-7. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தில், கொருஸான்ட் என்னும் கோளில், நான்கு கைகள் கொண்ட டெக்ஸ்டர் ஜெட்ஸ்டர் நடத்தும் உணவகத்தில் அது பரிமாறுகிறது. ஜெடாய் எனப்படும் அமைதிக் காவலர் அணியைச் சேர்ந்த ஓபி-வான் கெனோபி என்னும் வீரர் ஒரு நச்சு அம்பைப் பற்றி விசாரிக்க அங்கே வரும்போது, அவருக்கென்று தனி மரியாதை எதுவும் காட்ட அதற்குத் தோன்றவில்லை. அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்து, யாரோ பார்க்க வந்திருப்பதாகவும், பார்த்தால் ஜெடாய் போலத் தெரிவதாகவும் முதலாளியிடம் செல்லமாக அறிவிக்கிறது. ஊரே எழுந்து நின்று மதிக்கும் ஒருவரைச் சாப்பிட வந்த இன்னோர் ஆளாக நடத்திவிடும் அந்தத் தோரணைதான் உங்கள் பிள்ளைகளைக் கவர்ந்திருக்க வேண்டும்.

உணவகத்தின் தோற்றத்திற்குக் காரணம் இயக்குநரின் இளமைப் பருவத்தில் இருக்கிறது. ஜார்ஜ் லூகாஸ் கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில், காரில் ஊர் சுற்றுவதே இளைஞர்களின் பொழுதுபோக்காக இருந்த காலத்தில் வளர்ந்தவர். 1973இல் அவர் இயக்கிய ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தில், உணவகத்தின் முன் காரை நிறுத்தியவர்களுக்குச் சக்கரக் காலணி அணிந்த பெண்கள் தட்டேந்திச் சறுக்கியபடியே பரிமாறுவார்கள். டபிள்யூஏ-7இன் ஒற்றைச் சக்கரத்தைப் பார்க்கும்போது அந்தக் காலணியின் நினைவு வராமல் போகாது. அமெரிக்காவில் டைனர் என்று வழங்கும் இவ்வகைக் கடை, 1872இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் இரவில் வேலை செய்யும் பத்திரிகைத் தொழிலாளர்களுக்காகக் குதிரை வண்டியில் உணவு விற்றதிலிருந்து தொடங்குகிறது. பின்னாளில் அது தொழிற்சாலையிலேயே ரயில் பெட்டி வடிவில் கட்டப்பட்டு, முழுதாகக் கொண்டுவந்து சாலையோரத்தில் இறக்கப்படும் கடையாக மாறியது. அதன் வளைந்த உலோகச் சுவர்களும் பளபளப்பும் 1930களில் எதிர்காலத்தின் தோற்றமாகவே கருதப்பட்டவை. எனவே வேற்றுக்கோளில் கொண்டுபோய் வைத்தபோதும் அக்கடை அந்நியமாகத் தெரியவில்லை.

அக்காட்சியில் பலரும் கவனியாமல் விடும் ஓர் உரையாடல் உண்டு. ஜெடாய்களின் ஆய்வு ரோபோக்கள் அம்பின் மேலுள்ள குறியீடுகளை மட்டுமே பார்க்கக் கூடியவை, அறிவுக்கும் ஞானத்துக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் உணர வேண்டாமா என்று டெக்ஸ்டர் கேட்க, ரோபோக்களுக்குச் சிந்திக்கத் தெரிந்திருந்தால் நாம் யாரும் இங்கே இருந்திருக்கவே மாட்டோம் என்று ஓபி-வான் சொல்ல, இருவரும் சிரிக்கிறார்கள். வாசலில் தன்னை ஏற இறங்கப் பார்த்து எடைபோட்டது ஒரு ரோபோதான் என்பது அந்நேரம் அவருக்கு நினைவில்லை. வேலை செய்பவரின் காதுபடவே அவரைப் பற்றிப் பேசிச் சிரிக்கும் வழக்கம் விண்மீன் மண்டலங்கள் கடந்தும் மாறாது போலும்.

கேள்வி: வாடிக்கையாளரிடம் துடுக்காகப் பேசும் பணிப்பெண்ணை அமெரிக்கர்கள் ஏன் ரசிக்கிறார்கள்? நம் ஊர் ஓட்டலில் அப்படிப் பேசினால் கல்லாவில் இருப்பவரிடம் புகார் போகும். – ஒரு வாசகர், திருச்சி

பதில்: அங்கேயும் முன்பின் தெரியாதவரிடம் அப்படிப் பேசினால் புகார் போகும். டைனரில் உணவு பரிமாறும் நீண்ட மேடையின் முன் தினமும் அதே இருக்கையில் வந்து உட்காரும் வழக்கமான வாடிக்கையாளர்களே மிகுதி. யாருக்கு என்ன வேண்டும் என்பதைப் போலவே, யாரைச் சீண்டலாம், யாரை இன்று விட்டுவிட வேண்டும் என்பதும் அந்தப் பெண்ணுக்கு மனப்பாடமாக இருக்கும். சீண்டப்படுவது தாமும் அக்கடையின் ஆள் என்பதற்கு அடையாளமாகிவிடுவதால், அவர்களும் அதை விரும்பிப் பெற்றுக்கொள்கிறார்கள்.

இதற்குப் பின்னால் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி 1991ஆம் ஆண்டிலிருந்து மணிக்கு 2.13 டாலராகவே நிற்கிறது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் முழுக் கூலியைக் கட்டாயமாக்கியுள்ளன. பிற இடங்களில் வாடிக்கையாளர் மேசையில் விட்டுச் செல்லும் பணத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. சம்பளத்திற்காக முகத்தில் ஓர் உணர்ச்சியை வருவித்துக்கொள்ளும் இவ்வகைப் பணிக்கு ‘உணர்ச்சி உழைப்பு’ என்று 1983இல் பெயரிட்ட சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்ட், விமானப் பணிப்பெண்களின் கட்டாயப் புன்னகையை ஆராய்ந்தார். டைனர் பெண்ணின் துடுக்கும் அதே உழைப்புதான் என்றாலும், புன்னகையைக் காட்டிலும் அதில் தன்மானத்திற்குச் சற்றுக் கூடுதலாக இடமிருக்கிறது. ரோபோவுக்கு டிப்ஸும் வேண்டாம், வாடகையும் கட்ட வேண்டாம். அது துடுக்காகப் பேசும்போது அந்தப் பெண் எடுத்துக்கொள்ளும் துணிச்சல் ஏதும் அதில் இல்லாததால், நமக்கு மிஞ்சுவது கவலையில்லாத சிரிப்பு மட்டுமே.

கேள்வி: படத்தை விடுங்கள். வாய்த்துடுக்குள்ள பரிமாறும் ரோபோ உண்மையில் எங்காவது இருந்ததுண்டா? – ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இருந்தது, அதுவும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே. கலிஃபோர்னியாவின் பசடேனா நகரில் ‘டூ பாண்டா’ என்ற சீன உணவகம் 1983இல் டான்போ ஆர்-1, டான்போ ஆர்-2 என்னும் இரண்டு ரோபோக்களைப் பரிமாற அமர்த்தியது. நாலரை அடி உயரமும் ஏறக்குறைய 80 கிலோ எடையும் கொண்ட அவை மேசைகளுக்கிடையே உணவைச் சுமந்து சென்றதோடு நகைச்சுவையும் பேசின. வாடிக்கையாளர் சொல்வது தமக்குப் புரியாதபோது, அது என் பிரச்சினை இல்லை என்னும் பொருளில் பதில் சொல்லிவிட்டு, டிஸ்கோ இசையை முழக்கத் தொடங்கிவிடும்.

நான் இதைப் பல முறை நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எனினும் அதற்குள் ஒளிந்திருக்கும் பொறியியல் தந்திரம் பாராட்டுக்குரியது. 1983இல் இரைச்சல் மிகுந்த ஓர் உணவகத்தில் மனிதப் பேச்சைக் கணினி புரிந்துகொள்வது இயலாத காரியம். புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள் என்று ரோபோ பணிவாகக் கேட்டிருந்தால், மூன்றாவது முறையிலேயே அதன் அறியாமை அம்பலமாகியிருக்கும். அலட்சியமாக விட்டெறிந்து பேசியதால், புரியாத இயந்திரம் புரிந்தும் மதிக்காத ஆளாகத் தோற்றம் கொண்டுவிட்டது. திரைக்கதை ஆசிரியர்களும் ரோபோக்களுக்குத் துடுக்கைத் தாராளமாக வழங்குவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து: பணிவு இயந்திரத்தை இயந்திரமாகவே விட்டுவிடும், துடுக்கோ உள்ளே ஓர் ஆள் இருப்பதான மயக்கத்தை ஒரே வாக்கியத்தில் உண்டாக்கிவிடும்.

டான்போக்களின் வாழ்வு அவ்வளவு சுகமானதாக இல்லை. அருகில் செல்லும் காவல்துறையினரின் வானொலி அலைகள் அவற்றின் கட்டுப்பாட்டைக் குழப்பின. மின்கலம் தீரத் தொடங்கினால் நாக் குழறி, கையிலுள்ள உணவையும் கீழே போட்டுவிடும். வாய்த்துடுக்கு விளம்பரமாயிற்று, உணவைக் கீழே போடும் குணமோ தரையைத் துடைக்க ஒரு மனிதரைத் தேட வைத்திருக்கும்.

இன்றைய உதாரணம் வேண்டுமெனில், சீனாவின் ஷென்ஜென் நகரைச் சேர்ந்த புடு நிறுவனம் 2020 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் காட்டிய ‘பெல்லாபாட்’டைச் சொல்லலாம். நான்கு தட்டு அடுக்குகளும் திரையில் பூனை முகமும் கொண்ட இதன் காதைத் தடவினால் முதலில் மகிழ்ச்சியைக் காட்டும். விடாமல் தடவிக்கொண்டே இருந்தால் முகம் சுளித்து, தன் வேலையைக் கெடுக்க வேண்டாம் என்று உணர்த்தும். ஜப்பானில் ஸ்கைலார்க் குழுமத்தின் உணவகங்கள் மட்டும் இத்தகைய ரோபோக்களில் ஏறக்குறைய 3,000ஐப் பணியில் அமர்த்தியுள்ளன. சுளித்த முகமும் ஒரு வேலைக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்: சூடான சாறு ஏந்திச் செல்லும் வண்டியைக் குழந்தைகள் மறிக்காமல் இருக்க வேண்டும்.

கேள்வி: ஒற்றைச் சக்கரத்தில் நின்று பரிமாறுவது நடைமுறையில் சாத்தியமா? – ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர், ஈரோடு

பதில்: சாத்தியம், ஆனால் உணவகத்திற்கு ஏற்றதன்று. அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஹாலிஸ் 2006இல் ஒற்றைப் பந்தின் மேல் நிற்கும் ‘பால்பாட்’ ரோபோவை உருவாக்கிக் காட்டினார். விரல் நுனியில் துடைப்பக் குச்சியை நிறுத்துபவர் கையை ஓயாமல் அசைப்பது போல, அதன் மோட்டார்களும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தும்போது விழாமலிருக்க அதற்குத் தனியாக மூன்று கால்கள் தேவைப்பட்டன. குறுகிய இடத்தில் எத்திசையிலும் நகரலாம் என்பது இதன் பயன். ஆயினும் மேசைமீது தட்டை வைக்கும் ஒவ்வொரு முறையும் எடை மாறும் என்பதால், வணிக நிறுவனங்கள் அகலமான அடிப்பாகத்தையே விரும்புகின்றன.

கேள்வி: இந்த ரோபோக்கள் ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கின்றன? – ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: எப்போதும் என்று சொல்ல இயலாது, பெல்லாபாட் பூனையாகவே பிழைத்துக்கொள்கிறது. ஆனால் உங்கள் கேள்வியின் உட்பொருள் சரியானது. டைனரின் தொடக்க காலத்தில் மேடைக்குப் பின்னால் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குச் சென்றபோதுதான் பெண்கள் பெருமளவில் அவ்வேலைக்கு வந்தார்கள். போருக்குப் பிந்தைய அந்தச் சில பத்தாண்டுகளின் காட்சியையே திரைப்படங்கள் டைனரின் நிரந்தர உருவமாக்கிவிட்டன. டபிள்யூஏ-7ஐ வடிவமைத்தவர்களும் உலோகத்தில் இடுப்பு வளைவை வைத்து, அதே உருவத்தை எதிர்காலத்திற்கு ஏற்றுமதி செய்தார்கள். சமையலறையில் நிற்கும் முதலாளி நான்கு கைகள் கொண்ட வேற்றுக்கோள்வாசியாக இருக்கலாம், பரிமாறுபவர் மட்டும் 1950களின் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பது கற்பனையின் சோம்பல் என்றே நான் சொல்வேன்.

கேள்வி: சென்னையில் ரோபோ பரிமாறும் உணவகம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவையும் துடுக்காகப் பேசுமா? – ஒரு வாசகர், நெல்லை

பதில்: பழைய மாமல்லபுரம் சாலையில் 2017இலேயே அத்தகைய உணவகம் திறக்கப்பட்டது. அவ்வகை ரோபோக்களின் வேலை தட்டைச் சுமந்து மேசைவரை வருவதும், வழி மறித்தால் விலகச் சொல்வதுமே. அவற்றோடு வாக்குவாதம் செய்யலாம் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

கேள்வி: இன்றைய செயற்கை நுண்ணறிவைப் பொருத்தினால் டபிள்யூஏ-7 போன்ற ரோபோ நாளையே வந்துவிடாதா? – ஒரு மென்பொருள் பொறியாளர், சிங்கப்பூர்

பதில்: துடுக்கான வாக்கியத்தை உருவாக்குவது இன்று கடினமன்று. கடினம் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. பாத்திரச் சத்தம், பக்கத்து மேசைப் பேச்சு, அழும் குழந்தை ஆகியவற்றுக்கிடையே ஒருவர் சொல்வதைப் பிரித்துக் கேட்பது இன்னும் முழுமையாகக் கைவரவில்லை. அமெரிக்காவில் 100க்கும் மேற்பட்ட மெக்டொனால்ட்ஸ் கிளைகளில், காரிலிருந்தபடியே சொல்லும் ஆர்டரைக் கணினியே கேட்டுப் பதிவு செய்யும் முறையை ஐபிஎம் நிறுவனத்தோடு சேர்ந்து சோதித்துப் பார்த்துவிட்டு, தவறுகள் கேலிக்கு உள்ளான நிலையில் 2024இல் அதை நிறுத்திவிட்டார்கள். தவறான ஆர்டரைப் பணிவாகக் கொண்டுவரும் ரோபோவை மன்னித்துவிடலாம். தவறாகக் கொண்டுவந்துவிட்டுக் கேலியும் பேசினால் யாரும் பொறுக்க மாட்டார்கள்.

அடுத்தது, யாரைச் சீண்டலாம் என்னும் தெரிவு. நேற்றுவரை மனைவியோடு வந்தவர் இன்று தனியாக வந்து உட்கார்ந்தால், டைனர் பெண் வாயைத் திறக்காமல் காப்பியை மட்டும் வைத்துவிட்டுப் போவார். அந்த மௌனத்தையும் சேர்த்துத்தான் நாம் அவரது துடுக்கு என்கிறோம். வாக்கியங்களை மட்டும் பயின்ற கருவிக்கு அது கிட்டுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

ஆனால் வேறொரு வழி ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. டோக்கியோவின் நிஹோன்பாஷி பகுதியில் 2021 ஜூனில் ஓரி லேப் நிறுவனம் திறந்த ‘டான்’ காப்பியகத்தில் பரிமாறும் ஓரிஹிமே ரோபோக்களைத் தம் வீடுகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் இயக்குபவர்கள், தசைச் செயலிழப்பு நோயாலும் முதுகுத்தண்டுக் காயத்தாலும் வெளியே சென்று வேலை செய்ய இயலாத மனிதர்கள். 120 சென்டிமீட்டர் உயர ரோபோ தட்டைக் கொண்டுவந்து நிற்கும்போது, கேமராவின் மறுபக்கத்தில் படுக்கையிலிருந்தபடியே ஒருவர் உங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த உழைப்புக்கு அவருக்குச் சம்பளமும் உண்டு. அங்கே நீங்கள் கேலி செய்யப்பட்டால், அது உங்களை நன்றாகப் பார்த்துவிட்டுச் செய்யப்பட்ட கேலிதான்.