'அண்டர் த வெதர்' என்று கடிதத்தில் எழுதலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்து வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறேன். அதன் எழுத்துத் தேர்வில் வரும் கடிதத்தில் நோயாளி 'அண்டர் த வெதர்' என்று எழுதினால் கூடுதல் மதிப்பெண் என்கிறார் கோச்சிங் சார். மழையில் நனைந்து வந்த காய்ச்சலுக்குத்தான் அப்படிச் சொல்ல வேண்டுமா?

பதில்: எழுதவே எழுதாதீர்கள்.

மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம்மூரில் 'ஒடம்புக்கு ஒரு சொகமில்ல' என்கிறோமே, அதுதான் பொருள். சளி, தலைவலி, அசதி மாதிரி சின்னத் தொந்தரவுக்குச் சொல்வது. ஃபோனில் லீவு கேட்கும்போது சொல்லலாம். நெஞ்சுவலியோடு வந்தவரைப் பற்றி அப்படி எழுதினால் நோயையே சின்னதாக்கிவிடுகிறீர்கள். கடிதத்தைப் படிக்கும் டாக்டருக்கு எத்தனை நாள் காய்ச்சல், எத்தனை டிகிரி, என்ன மருந்து என்பதுதான் வேண்டும். கடிதத்துக்கான 6 அளவுகோல்களில் நடையும் ஒன்று. பேச்சுவழக்கு புகுந்தால் அங்கே மதிப்பெண் போகும்.

பேச்சுத் தேர்வு வேறு. நோயாளியாக நடிப்பவர் இதைச் சொன்னால் உங்களுக்குப் புரிய வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: முந்தின இரவு குடித்த ஹேங்ஓவரையும் சிலர் இதே வார்த்தையால் நாசூக்காக மறைப்பார்கள். கேட்டதும் 'சளிதான்' என்று முடிவு கட்டாதீர்கள். என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, நேற்று குடித்தீர்களா என்று முகம் சுளிக்காமல் கேளுங்கள். பாராசிட்டமால் கொடுப்பதற்கு முன் அந்த விவரம் தெரிந்தாக வேண்டும்.

சாருக்கு இந்த எண்ணம் வந்த இடம் எனக்குத் தெரியும். ஐஇஎல்டிஎஸ் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில், 7 பேண்டு மதிப்பெண்ணுக்கான விளக்கத்தில் மரபுத்தொடர் (இடியம்) பற்றி ஒரு வரி உண்டு. இடம் பார்த்து, நடை அறிந்து பேசுவதையும் அதே வரி சொல்கிறது. பாதி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு இடியம் லிஸ்ட்டை ஜெராக்ஸ் போட்டு விற்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் இடியம் என்றால் 'பொருத்துக' கேள்விதான். எங்கே சொல்லலாம், எங்கே கூடாது என்று யார் சொல்லித்தந்தார்கள்? அந்த ஓட்டையில்தான் இவர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் 'பரீட்சை எழுதாமலே ஸ்கோர் வாங்கித் தருகிறோம்' என்று வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள். இங்கிலாந்து நர்ஸிங் கவுன்சில் மதிப்பெண்ணை ஆன்லைனில் சரிபார்க்கும். வேலை வாங்கித் தர நர்ஸிடம் கட்டணம் வாங்கவே கூடாது என்பது இங்கிலாந்து அரசின் நெறிமுறை. நாகர்கோவிலில் எவ்வளவு பெரிய போர்டு வைத்திருந்தாலும் சரி, ஏஜென்ட் பெயர் வெளிநாட்டு வேலைக்கான இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், ஓஇடி எழுத்துத் தேர்வுக்கு அந்தக் கவுன்சில் கேட்பது சி பிளஸ் கிரேடுதான். கேட்டல், வாசித்தல், பேச்சு மூன்றுக்கும் பி. எளிய வாக்கியமே போதும்.