குவாடல்கனால் ஓடுதளம்: கேள்வி பதில்

கேள்வி: சார், இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலில், ஒரு மண் ஓடுதளத்துக்காக ஆறு மாதம் சண்டையா?

பதில்: அங்கிருந்து பறப்பது யாருடைய விமானமோ, சுற்றியுள்ள கடல் பகலில் அவர்களுடையது. கட்டத் தொடங்கியது ஜப்பான். 1942 ஆகஸ்ட் 7 அன்று கரையிறங்கிய அமெரிக்க மரீன்கள் மறுநாளே பிடித்துவிட்டார்கள். அதைக் கையில் வைத்திருக்கத்தான் படாத பாடு பட்டார்கள்.

கேள்வி: ஓடுதளத்துக்கு ஹெண்டர்சன் என்று பெயர் வைத்தார்களே, அவர்தான் தளபதியா?

பதில்: இல்லை, தளபதி வாண்டெகிரிஃப்ட். ஹெண்டர்சன் அந்த ஜூனில் மிட்வே சண்டையில் இறந்த மரீன் விமானி.

கேள்வி: தினமும் குண்டு விழுந்தால் விமானம் எப்படி இறங்கும்?

பதில்: இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்! 'சீபீ' என்ற கடற்படைக் கட்டுமானப் பிரிவினர், ஒரு குழியை மூட எவ்வளவு மண் வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டு, லாரிகளில் ஏற்றித் தயாராக வைத்திருந்தார்கள். எதிரி விமானம் போன கையோடு ஓடுவார்கள். மண் மேல் விரித்திருந்த இரும்புத் தகடுகளில் கிழிந்தவற்றைப் பெயர்த்து, மண்ணைக் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, புதுத் தகடு பதிப்பார்கள். 500 பவுண்டு குண்டு தோண்டிய குழிக்கு நூறு பேர், 40 நிமிடம். என்னைக் கேட்டால் பீரங்கிக்காரர்களுக்குச் சமமான பெருமை இவர்களுக்கும் உண்டு. சீபீ வருவதற்கு முன், மரீன்கள் ஜப்பானியர் விட்டுப்போன ரோடு ரோலரை வைத்துத்தான் ஒப்பேற்றினார்கள். சாப்பாட்டுக்கும் அவர்கள் விட்டுப்போன அரிசி!

கேள்வி: அண்ணா, தாக்குதல் வருவது முன்கூட்டியே தெரியுமா?

பதில்: தெரியும். ஜப்பானிய விமானத் தளமான ராபவுலில் இருந்து வர ஏறக்குறைய 1,000 கி.மீ. வழியில் பூகன்வில் தீவின் காட்டில் ஒளிந்திருந்த நேச நாட்டுக் கடலோரக் கண்காணிப்பாளர்கள் ரேடியோவில் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவின் வைல்ட்கேட் போர் விமானங்கள் மேலே ஏற அந்த அவகாசம் போதும்.

கேள்வி: மிக மோசமான இரவு?

பதில்: அக்டோபர் 13. கொங்கோ, ஹருணா என்ற இரு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் 14 அங்குலக் குண்டுகளைத் தொள்ளாயிரத்துக்கும் மேல் பொழிந்தன. பெட்ரோல் பெரும்பாலும் எரிந்து போனது. விடிந்ததும் சேதமான பி-17 குண்டுவீச்சு விமானங்களின் டேங்க்கில் இருந்து உறிஞ்சி எடுத்துப் பறந்தார்கள்.

கேள்வி: தரைவழியாக நெருங்கவே இல்லையா?

பதில்: செப்டம்பர் 12 முதல் 14 வரை, ஓடுதளத்துக்குத் தெற்கே இருந்த மேட்டில் ஜப்பானியத் தளபதி கவாகுச்சியின் படை மோதியது. மரீன் அதிகாரி எட்சனின் எண்ணூற்றுச் சொச்சம் பேர் பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசிக் குன்றில் நின்றார்கள். 105 மி.மீ. பீரங்கிகள் அவர்கள் தலைக்கு மேலாகச் சுட்டன. அக்டோபர் கடைசியிலும் ஜப்பானியர் வந்தார்கள். அப்போதும் முடியவில்லை.

கேள்வி: அதிகம் பேரைப் படுக்க வைத்தது எது?

பதில்: கொசு. மலேரியா.

கேள்வி: இப்போது அங்கே என்ன இருக்கிறது?

பதில்: ஹோனியாரா சர்வதேச விமான நிலையம். சாலமன் தீவுகளுக்கு விமானத்தில் போனால் அங்கேதான் இறங்குவீர்கள்.