தேர்தல் பார்வையாளர் வெறுமனே பார்ப்பவரா?

வணக்கம் ஐயா. சென்ற தேர்தலில் ஒரு வேட்பாளரின் வாக்குச்சாவடி முகவராக இருந்தேன். வெளிமாநில அதிகாரி ஒருவர் வந்தார், பதிவேட்டைப் புரட்டினார், ஓரிரு கேள்விகள் கேட்டுவிட்டுப் போய்விட்டார். “அவர் பார்வையாளர், பார்க்க மட்டுமே வருவார்” என்றார்கள். அதிகாரமே இல்லாத ஒருவரை இவ்வளவு தொலைவிலிருந்து அனுப்புவது எதற்காக?

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் சொன்னது பாதிதான் சரி. தேர்தலை நடத்தும் பொறுப்பு தேர்தல் நடத்தும் அலுவலருடையது. அதில் பார்வையாளர் அவருக்கு மாற்றாக அமர்வதில்லை. ஆனால், 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996-இல் சேர்க்கப்பட்ட 20-பி பிரிவின்படி, பெரும் எண்ணிக்கையிலான வாக்குச்சாவடிகள் கைப்பற்றப்பட்டதாகவோ, முடிவை அறிய முடியாதபடி வாக்குச்சீட்டுகள் அழிக்கப்பட்டதாகவோ பார்வையாளர் கருதினால், முடிவு அறிவிக்கப்படும்வரை எந்த நேரத்திலும் எண்ணிக்கையை நிறுத்தவும் முடிவை அறிவிக்காதிருக்கவும் அந்த அலுவலருக்கு அவர் உத்தரவிடலாம். அதற்குப் பின் அவர் செய்யக்கூடியது, உடனடியாகத் தேர்தல் ஆணையத்துக்கு அறிக்கை அனுப்புவது மட்டுமே. மறுவாக்குப்பதிவு வேண்டுமா என்பதை ஆணையம் தீர்மானிக்கும். தடுக்கும் அதிகாரத்தையும் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் ஒரே கையில் கொடுக்காத இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

அவர் புரட்டியது பெரும்பாலும் 17-ஏ படிவமாக, அதாவது வாக்காளர் பதிவேடாக, இருந்திருக்கும். வாக்குப்பதிவு முடிந்தபின் சந்தேகத்துக்குரிய சாவடிகளின் ஆவணங்கள் பார்வையாளர் முன்னிலையில் ஆராயப்படும்போது பேசப்போவது அந்தப் பதிவேடுதான். எண்ணிக்கை நாளிலும் ஒவ்வொரு சுற்றின் கணக்கையும் அவர் சரிபார்த்த பிறகே அடுத்த சுற்றுக்குச் செல்கிறார்கள்.

தொலைவிலிருந்து அனுப்புவதற்கும் காரணம் இருக்கிறது. உள்ளூர் அதிகாரிகள், தேர்தல் முடிந்ததும் வெற்றி பெற்றவர்கள் அமைக்கும் அரசின் கீழேயே பணியாற்ற வேண்டியவர்கள். பொதுப் பார்வையாளராக வரும் பிற மாநில இந்திய ஆட்சிப்பணி அதிகாரிக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர் ஆணையத்துக்கே நேரடியாகப் பதில் சொல்கிறார். வேட்பாளரின் கணக்குகளைப் பிரச்சாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை ஆராயும் செலவினப் பார்வையாளருக்கும் இது பொருந்தும்.

பார்வையாளரின் கைபேசி எண்ணும் பொதுமக்களைச் சந்திக்கும் நேரமும் ஒவ்வொரு தேர்தலிலும் செய்தித்தாள்களில் வெளியாகின்றன. அடுத்த முறை முகவராக அமரும்போது அதைக் கையில் வைத்திருங்கள். குறை கண்டால் சாவடி எண்ணையும் நேரத்தையும் குறிப்பிட்டு, அவருக்கு எழுத்து வடிவிலேயே கொடுங்கள்.