பத்துக்கு எத்தனை?

கேள்வி: வேலைக்காக ஐரோப்பாவில் 3 வருஷம் இருந்தேன். குடித்த பியர் ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று நோட்டில் மார்க் போட்டு வந்தேன். 80 வகை தாண்டிவிட்டது. பெல்ஜியத்து லாம்பிக் புளித்த மோர்போல இருந்தது, அதற்கு 2. ஜெர்மனியில் பத்துக்கு 8 போட்ட பச்சைப் பாட்டில் லாகர் பியர் நம்மூரில் வாங்கியபோது நாறியது, 3 ஆக்கிவிட்டேன். 'குடிக்கதுக்குக் கணக்கு வேறயாலே?' என்கிறார் எங்கள் அண்ணாச்சி. இது ஒரு வித்தை இல்லையா?
- பாளையங்கோட்டை வாசகர்

பதில்: வித்தைதான் தம்பி. ஆனால் உங்கள் நோட்டில் அது இன்னும் ஏறவில்லை. உங்களுக்குப் பிடித்தது, பிடிக்காதது மட்டும்தான் இருக்கிறது.

லாம்பிக் பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்துச் சரக்கு. தானியச் சாற்றைக் கொதிக்கவைத்து, குளிர்கால இரவில் அகலமான தொட்டியில் திறந்தே ஆறவிடுவார்கள். ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கிற நுண்ணுயிர்களே அதை நொதிக்கவைக்கும். பிறகு 1 முதல் 3 வருஷம் பீப்பாயில் கிடக்கும். புளிப்பு அதன் பிறவிக்குணம். அதற்காக 2 போட்டது, மறுவீட்டுச் சொதியைச் சாப்பிட்டுவிட்டுச் சாம்பார் சரியில்லை என்ற கதை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பனங்காட்டு மண்ணில் பிறந்தவருக்கு, தானாகப் பொங்குகிற ஒன்று இவ்வளவு அந்நியமாகிவிட்டதா?

சின்ன வயதில் திசையன்விளைப் பக்கம் ஒரு பனையேறியைப் பார்த்திருக்கிறேன். கலயத்தை இறக்கியதும் மோந்து பார்ப்பார். விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைப்பார். 'சுண்ணாம்பு பத்தல' என்பார், இல்லையென்றால் 'கூடிப்போச்சு' என்பார். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் பொங்கிக் கள்ளாகத் திரும்பும், கூடினால் நாக்கில் காறும். நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

லாகர் விஷயத்தில் உங்கள் தவறு இன்னும் பெரிது. பியருக்குக் கசப்புத் தருவது ஹாப்ஸ் பூ. அந்தக் கசப்புச் சத்து வெளிச்சம் பட்டால் உடைந்து கெட்ட வாடையைக் கிளப்பும். பழுப்புப் பாட்டில் வெளிச்சத்தை நன்றாகவே தடுக்கும், பச்சை அவ்வளவு தடுக்காது. பாட்டில் வெயிலில் நின்றிருந்தால், அந்த 3 நம்மூர் வெயிலுக்கு நீங்கள் போட்ட மார்க். பாட்டில் எங்கே இருந்தது, எத்தனை நாள் ஆனது என்று குறித்தீர்களா? எவ்வளவு குளிர்ச்சியில் குடித்தீர்கள் என்பதையும் எழுதவேண்டும். இங்கிலாந்தில் ஏல் என்ற பியர் வகையைப் பீப்பாயிலிருந்து 11 முதல் 13 டிகிரியில் கொடுப்பார்கள். அதை ஐஸில் புதைத்தால் நாக்கு மரத்துப்போகும், மணமும் எழும்பாது.

அல்வா ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று பெருமைப்படுகிறவர்கள் நாம். 1842இல் பில்ஸ்னர் என்ற பொன்னிற லாகர் பிறந்த செக் நாட்டுப் பில்சென் ஊரின் தண்ணீர் மென்மையானது. ஏலுக்குப் பேர்போன இங்கிலாந்துப் பர்ட்டன் ஊர்த் தண்ணீரோ ஜிப்சம் ஊறிய கடினத் தண்ணீர். இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி மார்க் போடுவதில் நியாயமில்லை. பில்ஸ்னரைப் பில்ஸ்னரோடு ஒப்பிடுங்கள்.

அண்ணாச்சியிடம் சொல்லுங்கள்: ருசி பார்க்க நாலு மடக்கு போதும், நடுவில் வெறும் தண்ணீர். அதற்கு மேல் போனால் நாக்கு பொய் சொல்லும்.

'புளித்த மோர்போல' என்று எழுதியிருக்கிறீர்களே, கேள்வி முழுவதிலும் ருசி பார்த்து எழுதிய இடம் அது ஒன்றுதான். மோரின் புளிப்பும் லாக்டிக் அமிலம், லாம்பிக்கின் புளிப்பிலும் பெரும்பங்கு அதுவே. உங்கள் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்த 2ஐ அடித்துவிட்டு, மோர் என்று எழுதிவையுங்கள்.