கார்டிசால் சுரப்பதும் அடங்குவதும்: கேள்வி பதில்

கேள்வி: பயந்தவுடன் உடலுக்குள் என்ன நடக்கிறது, ஐயா? – செல்வி

பதில்: நரம்புகளின் தூண்டலால் நொடிகளில் அட்ரினலின் சுரக்கிறது. சற்றுப் பின்னால் ஹார்மோன் சங்கிலி தொடர்கிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் சி.ஆர்.எஃப். ஹார்மோனை விடுக்க, அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, அது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டிக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை வரவழைக்கிறது. 41 அமினோ அமிலங்கள் கொண்ட சி.ஆர்.எஃப்.பின் அமைப்பை, செம்மறியாட்டு மூளைகளிலிருந்து பிரித்தெடுத்து 1981இல் வெளியிட்டது அமெரிக்க சால்க் நிறுவனத்தின் வைலி வேல் குழு.

கேள்வி: கார்டிசால் கெட்டதுதானே? – ரஹீம்

பதில்: இல்லவே இல்லை. அட்ரினல் செயலிழக்கும் அடிசன் நோயில் அது குறைந்து உயிரே போகலாம்.

கேள்வி: ஒரே கார்டிசால் அமைதியிலும் நெருக்கடியிலும் எப்படி வேறு வேறு வேலை செய்கிறது? – கதிரவன்

பதில்: விடை ஏற்பிகளில், அதாவது ஹார்மோனைப் பற்றிக்கொண்டு செல்லில் அதன் வேலையைத் தொடங்கிவைக்கும் புரதங்களில், இருக்கிறது. மூளையில் கார்டிசாலுக்கு இரு ஏற்பிகள். மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பி அதைச் சுமார் 10 மடங்கு இறுகப் பற்றும். ஆகவே சாதாரண வேளையிலேயே பெரும்பாலும் நிரம்பியிருக்கும். குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியோ அளவு உயரும்போதுதான், அதாவது விடியற்காலையிலும் நெருக்கடியிலும், நிரம்புகிறது. நிரம்பியதும் ஹைபோதலாமஸிலும் பிட்யூட்டரியிலும் சி.ஆர்.எஃப்., ஏ.சி.டி.எச். உற்பத்தியை அடக்குகிறது. தன்னை வரவழைத்த சங்கிலியைக் கார்டிசாலே நிறுத்துகிறது! மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். கடும் மனச்சோர்வு உள்ளவர்கள் சிலரிடம் இந்த அடக்கம் தளர்கிறது. கார்டிசாலைப் போலவே சங்கிலியை அடக்கும் டெக்சாமெத்தசோன் மருந்தைக் கொடுத்தாலும் அவர்களுக்குக் கார்டிசால் இறங்குவதில்லை.

கேள்வி: தினமும் அதிமதுரம் சாப்பிடுகிறேன். ரத்த அழுத்தம் கூடுகிறது. தொடர்பு உண்டா? – மீனாட்சி

பதில்: உண்டு, அம்மா. அதே மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பி சிறுநீரகத்திலும் இருக்கிறது. கார்டிசால் அந்த ஏற்பியைத் தொடாதபடி ஒரு நொதி அங்கே கார்டிசாலை வீரியமற்ற கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. அதிமதுரம் அந்த நொதியைத் தடுக்கிறது. அதனால் கார்டிசால் அந்த ஏற்பியைத் தூண்ட, உப்பு தேங்கி அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சி.ஆர்.எஃப். ஏற்பியையே மருந்தால் அடைக்க முடியாதா? – ஜான்

பதில்: முடியும். மனச்சோர்வுக்கான சோதனைகள் ஏமாற்றமளித்தன. ஆனால் கார்டிசால் சரிவரச் சுரக்காததால் சங்கிலி ஓயாது தூண்டப்படும் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி நோய்க்கு, அந்த வகை மருந்தான கிரினெசெர்ஃபான்டை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது.

கேள்வி: அம்மா பல மாதங்களாக பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறார். வலி போய்விட்டது, நிறுத்தலாமா? – தேவி

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. கார்டிசால் போன்ற ஸ்டீராய்டான அந்த மாத்திரை, கார்டிசாலின் ஏற்பிகளில் அமர்ந்து சங்கிலியை உறங்கவைத்திருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் அட்ரினலால் உடனே சுரக்க முடியாது; மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு நேரலாம். மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாகக் குறையுங்கள்.